தெய்வக்கனி குடியிருக்கும் வயிறு

எங்கள் ஊரில் ஒருவருடைய பெயரை அவருடைய குடல் சொல்லும். பெற்றவர்கள் வைக்கும் பெயர் அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு. தேரடிக்குப் பின்னால் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று தருவார்கள். காலைக்கடன் முடித்து அதில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களின் மரபணுவை இயந்திரம் ஓர் எழுத்து விடாமல் வாசிக்கும். உள்ளே குடியிருப்பவர்கள் எந்தெந்த வகை, எவ்வளவு கூட்டம், அவர்கள் யாருடைய ஆட்கள் என்று சொல்லிவிடும். பெரும்பான்மை யாருடைய ஆட்களோ, அவர் பெயர்தான் நம் பெயர்.

என்னுடைய முடிவு தை மாதம் வந்தது. அதில் தெய்வக்கனி என்று இருந்தது.

தெய்வக்கனி என் மனைவி. அதற்கு முந்தைய ஐப்பசியில், மழை விட்ட ஒரு மதியத்தில் இறந்துபோயிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவளையும் வாசித்திருந்தார்கள். அதனால் இயந்திரத்துக்கு அவளைத் தெரியும்.

கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவள் ஜெபராணி. கண்ணாடி போட்ட, அவசரப்படாத பெண். முடிவை என்னிடம் நீட்டிவிட்டு, இது வழக்கமாக நடப்பதுதான் என்றாள்.

“இத்தன வருசம் ஒரே சட்டியில சாப்பிட்டிருக்கிய. உங்க ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கிட்டாவ. இப்ப உள்ள இருக்கது பூராவும் அவுக ஆளுங்கதான்.”

“என் ஆளுங்க ஒருத்தருமே இல்லையா?”

“ஓரமா கொஞ்சப் பேரு கெடக்காவ.”

வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தபடியே கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினேன். இயந்திரமும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அதன் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பரமார்த்தலிங்கம் என்ற என் பழைய பெயர் காலியாக இருப்பதாக அறிவித்தார்கள். அதை யாரும் கேட்டு வரவில்லை.

அந்த வாரமே டவுன் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் மகளிருக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ரேஷன் கடையில் பெண்கள் வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அந்த வரிசை நீளமானது, ஆனால் அதில் பேச்சு நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டுச் சவரிமுத்து, என்னோடு ஐஸ் உடைத்தவன், வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “என்ன மதினி, மீசைக்கு எண்ணெ போடலையா?” என்று கேட்பான். தெய்வக்கனி அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாளோ அதையே நானும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

ஒரு விஷயம் அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. எனக்குப் பனங்கிழங்கு பிடிக்காது. நார் பல்லில் மாட்டும். தெய்வக்கனிக்கு அது இல்லாமல் தை மாதம் நகராது. அவித்து, மிளகும் உப்பும் வைத்து, குறுக்கே ஒடித்து, நரம்பை உருவி எறிந்துவிட்டுத் தின்றுகொண்டே இருப்பாள். அவள் போன பிறகு, தள்ளுவண்டியில் கிழங்குக் கட்டைப் பார்த்தால் என் கால் தானாக நின்றது. வாங்கித் தின்றேன். பிடிக்கவில்லை, ஆனாலும் தின்றேன். கேட்பது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. கிழங்கு இல்லாத மாதங்களில் மரவள்ளியில் சமாதானமாவாள். ரவை உப்புமா செய்தால் வயிறு சடாரென்று இறுகும். அடுப்படியில் அவள் பாத்திரத்தை வைக்கும் சத்தம் அப்படித்தான் இருக்கும்.

அவள் இறந்துவிட்டாள் என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கொள்ளி வைத்தது நான். ஆனால் அவளுடைய ஆட்கள் என்னிடம் இருந்தார்கள். உயிரோடு, பெருகிக்கொண்டு, வேளாவேளைக்குக் கேட்டுக்கொண்டு. அவர்களுக்குச் சாப்பாடு போடுவது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

சித்திரையில் சுகாதார ஆய்வாளர் வேலாயுதபெருமாள் ஊர் மொத்தத்தின் வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊரிலேயே ஆரோக்கியமான வயிறு யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் பொன்னுத்துரையுடையது என்று தெரிந்தது. அவர் வயிற்றில்தான் அதிக வகைகள் இருந்தன. ஒன்றோடொன்று சண்டை கிடையாது. எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. மாஸ்டருக்கு எழுபதைத் தாண்டியும் சர்க்கரை இல்லை, மூட்டுவலி இல்லை, கோபம் மட்டும் இருந்தது. ஊருக்கு ஒரே வயிறு இருந்துவிட்டால் நோயும் ஒன்றாக இருக்கும், மருந்தும் ஒன்றாக இருக்கும் என்று ஆய்வாளர் முடிவு செய்தார். பொன்னுத்துரை மாஸ்டரின் வயிற்றில் உள்ளதே ஊரார் அனைவரின் வயிற்றிலும் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார்.

இதில் யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் ஊரில் அதற்குத் தேவை இருக்கவில்லை. இங்கே ஒரு வீட்டுப் பாத்திரத்தை இன்னொரு வீட்டார் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. குழம்பு வாங்கிய கிண்ணம் திரும்பும்போது அதில் ஒரு கை அரிசியாவது, நாலு கறிவேப்பிலையாவது இருக்கும். வந்ததைக் கொட்டுவதும் கிடையாது. கொட்டினால் அந்த வீட்டாரோடு உறவு அறுந்தது என்று பொருள். பரிசோதனைக் கூடமும் இந்த ஊரில் இருப்பதால் டப்பாவைக் கழுவி, ஒரு சிட்டிகைச் சீனி போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆணைக்குப் பிறகு சீனியை நிறுத்திவிட்டு, மாஸ்டரிடமிருந்து எடுத்துப் பக்குவம் செய்த ஒரு கரண்டியை வைத்து அனுப்பினார்கள். பார்க்க வெள்ளையாகக் கட்டித்தயிர் மாதிரி இருக்கும். வாடை கிடையாது. ஜெபராணி அதை அவ்வளவு சுத்தமாகச் செய்வாள். வாரந்தோறும் டப்பா வந்தது. ஊரார் மரியாதை தெரிந்தவர்கள், சாப்பிட்டார்கள்.

ஆடி முடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் பொன்னுத்துரை ஆகிவிட்டார்கள். ஆவணியில் நான் போன கல்யாணத்தின் பத்திரிகையில் மணமகன் பொன்னுத்துரை, மணமகள் பொன்னுத்துரை, இங்ஙனம் பொன்னுத்துரை என்று அச்சடித்திருந்தார்கள். பந்தியில் பாகற்காய் மூன்று விதமாக இருந்தது. மாஸ்டருக்குப் பாகற்காய் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எளிதாயிற்று. டீச்சர் ஒருமுறை பொன்னுத்துரை என்று கூப்பிட்டால் வகுப்பு மொத்தமும் உள்ளேன் என்றது. தபால்காரர் தெருமுனையில் கடிதக் கட்டை வைத்துவிட்டுப் போனார், கைக்கு வந்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சைக்கிள் காணாமல் போனபோது, எடுத்தவர் பொன்னுத்துரை என்று சாட்சி சொன்னதும் தொலைத்தவரே ஸ்டேஷனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஊருக்கு உடம்பு நன்றாக ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர் மத்தியானத்துக்குமேல் கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போனார். விடிந்ததும் எல்லோரும் அங்கே கூடி, யாரும் சொல்லாமலே ஒரே நேரத்தில் கையைத் தூக்கி இறக்கினார்கள். சவரிமுத்துவும் போனான். வரும்போது நெஞ்சை நிமிர்த்தி வந்தான். என்னைப் பார்த்து மதினி என்று சொல்லவில்லை. முதுகைக் கூனாமல் நிற்கும்படி சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த வருத்தம் கொஞ்சம் அதிகம்தான்.

எனக்கும் டப்பா வந்தது. மூடியைத் திறந்து பார்த்து மூடி வைத்தேன். திறந்த மாத்திரத்தில் வயிறு முறுக்கிக்கொண்டது.

தெய்வக்கனிக்கும் மாஸ்டருக்கும் ஆகாது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவர் விசிலோடு வந்து நிற்பார். குடங்களை உயர வரிசைப்படி வைக்கச் சொல்வார். அவளுடைய குடம் உயரமானது, அதனால் கடைசிக்குப் போனது. அவள் அதைத் தூக்கி வந்து முதலில் வைத்தாள். அவர் விசில் ஊதினார். நன்றாக ஊதும்படியும், அதில் காற்றுதான் வரும் தண்ணீர் வராது என்றும் சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்தாள். அதன் பிறகு அவர் இருக்கும் நாட்களில் வேண்டுமென்றே இரண்டு குடம் கொண்டு போவாள். இப்படிப்பட்டவளிடம் கேட்காமல் அந்த மனிதரை நான் எப்படி உள்ளே விடுவது?

கொட்டவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. சந்தைக்குப் பனங்கிழங்கு வரத் தொடங்கியிருந்த நேரம். ஒன்றை அவித்து ஒடித்து, வந்த வெள்ளையை அப்படியே விட்டு, அதன் மேல் கிழங்குத் துண்டுகளை அடுக்கி டப்பாவைக் கூடத்துக்கே திருப்பி அனுப்பினேன். அவர்களாலும் வந்ததைக் கொட்ட முடியாது. வெள்ளையையும் கிழங்கையும் சாப்பிட்டுவிட்டு, புதிதாக வெள்ளை வைத்து அனுப்பினார்கள். நான் மறுபடியும் கிழங்கு வைத்து அனுப்பினேன். டப்பா தேரடியைச் சுற்றிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கார்த்திகை முழுக்க இப்படியே போனது. இரண்டு பக்கமும் மரியாதையில் குறை வைக்கவில்லை.

மார்கழியில் ஆய்வாளரே வீட்டுக்கு வந்தார். அவரும் அதற்குள் பொன்னுத்துரைதான், ஆனால் நான் வேலாயுதபெருமாள் என்றே கூப்பிட்டேன். நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

“அக்கா, ஊரே ஒத்துக்கிட்டாச்சு. நீங்க மட்டும் டப்பாவ அனுப்பிக்கிட்டே இருக்கிய.”

“வெறும் டப்பாவா அனுப்பலையே.”

“அதான் சொல்லுதேன். ஆபீஸ்ல ஒருத்தர் பாக்கியில்லாம பல்லுல நாரு.”

பிறகு அவர் கனிவாகவே பேசினார். எனக்கு மூட்டு வீங்குவதும், சர்க்கரை எட்டிப் பார்ப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் வயிற்றில் வகைகள் குறைவு என்றும், இருப்பவையும் ஒரே குணத்தவை என்றும், விட்டுக்கொடுக்கத் தெரியாதவை என்றும் ஜெபராணியின் வாசிப்பில் வந்திருப்பதாகச் சொன்னார். அது சரிதான் என்றேன். மாஸ்டர் உள்ளே வந்தால் இரண்டு நோயும் போய்விடும் என்றார்.

“அவ போயிருவாளே.”

“அவுக ஏற்கெனவே போயிட்டாவ.”

“பெறகு யாரப் பாத்து அக்காங்கிய?”

கேள்வி நியாயமானது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சந்தையில் தெய்வக்கனிக்குக் கிழங்கு விற்கக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. பனங்கிழங்கு, மரவள்ளி, சீனிக்கிழங்கு, கிழங்கு என்று சொல்லக்கூடிய எதுவும். கீரைத்தண்டைக்கூட யோசித்துத்தான் கொடுத்தார்கள். தள்ளுவண்டிக்காரர் என்னைக் கண்டதும் கோணியை இழுத்து மூடுவார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இருக்காது.

கொல்லையில் பனங்கொட்டைகளைப் புதைத்து வைத்தேன். ஆனால் கொட்டை கிழங்காவதற்கு மாதங்கள் ஆகும். அவளால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது. முதலில் வயிறு கத்தியது. எனக்கு அதில் பழக்கம் உண்டு. பிறகு முனகியது. பிறகு ஒரு நாள் ரவை உப்புமா சாப்பிட்டேன், வேறு வழியில்லாமல். உள்ளே ஒரு சத்தமும் வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்துபோனேன். நேரே கூடத்துக்குப் போய் ஜெபராணியிடம் வாசிக்கச் சொன்னேன்.

ஜெபராணியும் டப்பாவில் வந்ததைச் சாப்பிட்டவள்தான். இருந்தும் அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் அப்படியே இருந்தது. தெய்வக்கனியின் ஆட்கள் சரிந்துகொண்டு வருவதாகச் சொன்னாள். ஓரமாகக் கிடந்த என் ஆட்கள் நடுவுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். இப்படியே போனால் தை பிறந்ததும் நான் பரமார்த்தலிங்கம் ஆகிவிடுவேன் என்றாள்.

“நல்லதுதான? உங்க பேரு உங்களுக்கே வருது.”

எனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் பெயரோடு நான் தனியாக அந்த வீட்டில் என்ன செய்வேன்? அந்த இரண்டு வாரமும் என்னை நானே வெளியேற்றப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது எதையும் சாப்பிடவில்லை. காராச்சேவைத் தொடவில்லை. நெத்திலிக் கருவாட்டின் வாசம் வந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். என் ஆட்களும் பட்டினி கிடந்தார்கள். உள்ளே யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் மெலிந்தேன்.

பொங்கலுக்கு முந்தைய நாள் காலையில் பொன்னுத்துரை மாஸ்டர் என் வாசலில் நின்றார். தோளில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு இருந்தது. கடைக்காரர்கள் எனக்குத்தான் விற்க மாட்டார்கள், அவருக்கு விற்பார்கள். நான் அவரையும் பார்த்தேன், கிழங்கையும் பார்த்தேன். கிழங்கை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டு வந்து, பிறகுதான் அவரை உட்காரச் சொன்னேன்.

மாஸ்டர் இளைத்துப் போயிருந்தார். கார்த்திகையில் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, பல் டாக்டர் கடுமையான மாத்திரைகள் கொடுத்திருக்கிறார். பல் சரியாகிவிட்டது. ஆனால் வயிற்றில் குடியிருந்தவர்கள் ஒருவர் விடாமல் செத்துப்போனார்கள். இயந்திரம் அவரை வாசித்துப் பார்த்து வெற்றுத் தாளைத் துப்பியது. அதிலிருந்து அவருக்குப் பெயர் இல்லை. காலையில் மைதானத்துக்குப் போனால் பொன்னுத்துரைகளுக்கு மட்டும்தான் இடம் என்று இவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். சொன்னது சவரிமுத்து. விசிலையும் அவனே வாங்கி வைத்துக்கொண்டான்.

ஊரில் யாரிடமிருந்து ஒரு கரண்டி வாங்கினாலும் அவர் பழையபடி அவராகிவிடலாமே என்று கேட்டேன். ஜெபராணி அதற்குத் தயாராக இருப்பதாகவும், தான் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவரும் தானாகவே இருக்கிறார். டீக்கடையில் ஒரு பேச்சு எடுத்தால், தான் சொல்ல நினைத்ததை அடுத்தவர் முடித்துவிடுகிறார். இதையெல்லாம் மெதுவாகச் சொல்லிவிட்டு, தெய்வக்கனியைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார்.

“அவளுக்கு ஒம்மப் பிடிக்காதுவே.”

“எனக்கும் இப்ப என்னப் பிடிக்கல. ஊருல நான் இல்லாத ஆளு அவுக ஒருத்திதான்.”

இது நான் முடிவு செய்யும் காரியம் அல்ல. கிழங்கு வெந்ததும் இறக்கி, மிளகும் உப்பும் வைத்து அவர் முன்னாலேயே தின்றேன். நரம்பை உருவி எறிந்தேன். ஒன்று முடிந்து இரண்டாவதை எடுத்தபோது உள்ளே ஏதோ புரண்டு படுத்தது. காத்திருந்தேன். வயிறு முறுக்கவில்லை, கத்தவும் இல்லை. தெய்வக்கனி ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்கும்போது சரி என்று சொன்னதே கிடையாது. பேசாமல் இருப்பாள். அதிலிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டும். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

கூடத்தில் ஜெபராணி என்னிடம் வாங்கி, பக்குவம் செய்து, ஒரு கரண்டி அவருக்குக் கொடுத்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மீதம் இருந்த கிழங்கைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். தை கடைசியில் இருவரையும் வாசித்தபோது இரண்டிலும் தெய்வக்கனி என்று வந்தது. என்னுடையதில் அவள் முன்பைவிட நெருக்கமாகக் குடியேறியிருந்தாள். என் ஆட்கள் பழையபடி ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்போது ஆணை இடறியது. பொன்னுத்துரை மாஸ்டரின் வயிற்றில் உள்ளதே ஊரார் அனைவரின் வயிற்றிலும் இருக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. மாஸ்டரின் வயிற்றில் இருப்பவள் தெய்வக்கனி. ஆகவே ஊர் மொத்தமும் தெய்வக்கனி ஆக வேண்டும். வேலாயுதபெருமாள் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். கிழங்குத் தடையை அன்றைக்கே நீக்கினார். பாகற்காயை நிறுத்தச் சொல்லிவிட்டு, பொன்னாடையும் எலுமிச்சம்பழமுமாக என் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு கூடை நிறைய எவர்சில்வர் டப்பா.

மாஸ்டரிடம் இருப்பது இளம் குடியிருப்பு, அதிலிருந்து ஊருக்கு எடுக்க முடியாது என்று அவர் விளக்கினார். மூலம் என்னிடம் இருக்கிறது. நான் மனது வைத்தால் மாசிக்குள் எல்லோரையும் முடித்துவிடலாம். அவர் பொன்னாடையைப் பிரித்தார். நான் தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“அவ என்ன பிரசாதமா, ஆளுக்கு ஒரு கரண்டி வெளம்ப?”

“அக்கா, இது உங்களுக்குப் பெருமைதான. ஊரே நீங்க.”

“ஊரே அவளாயிட்டா அவ யாருகூட சண்ட போடுவா?”

அவர் ஆணையைக் காட்டினார். நான் படித்துப் பார்த்தேன். எழுத்து தெளிவாக இருந்தது, பொருளிலும் பிழை இல்லை. அதை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். மாஸ்டரின் பெயரால் அவளை விரட்டப் பார்த்தபோது நான் கொடுக்கவில்லை, அவளுடைய பெயராலேயே கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். கேட்டு வந்த ஒருவருக்கு, அவளிடம் கேட்டுக் கொடுத்தேன். கூடையில் டப்பா கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கில்லை. வேண்டுமானால் கிழங்கைத் தடை செய்துகொள்ளட்டும். கொல்லையில் புதைத்த கொட்டைகள் முளை விட்டுவிட்டன. அதுவும் போதாவிட்டால் பனை வடலிகள் நிற்கும் காட்டைத் தேடி உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குடியிருப்பேன், அவளையும் கூட்டிக்கொண்டு.

அவர் டப்பாக்களை என் வாசலில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். வெறும் பாத்திரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று நினைவுபடுத்தினேன். கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

அங்கிருந்து நேரே மாஸ்டரிடம் போயிருக்கிறார். மாஸ்டர் அப்போது தெருக்குழாயில் குடத்தை முதலில் வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றிருந்தார். ஆய்வாளர் ஆணையை வாசிக்கத் தொடங்கியதும் அவரிடம், வரிசையில் வந்து நின்று பேசும்படி மாஸ்டர் சொன்னாராம். ஆய்வாளர் வரிசையில் நின்றார். அவர் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

வெள்ளை வருவது அதோடு நின்றது. மாஸ்டரிடம் பழைய சரக்கு இல்லை, மற்றவர்களிடம் இருந்ததை எடுக்க ஆணையில் இடமில்லை, என்னிடம் புதிய சரக்கு கிடைக்கவில்லை. டப்பாவில் மறுபடியும் ஒரு சிட்டிகைச் சீனி வரத் தொடங்கியது. ஊரார் அவரவர் வீட்டில் அவரவருக்கு வாய்த்ததைச் சாப்பிட்டார்கள். ஒளிந்துகிடந்த ஆட்கள் ஓரங்களிலிருந்து எழுந்து வந்தார்கள். பங்குனியில் ஜெபராணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தாள். சிலருக்குப் பெண்டாட்டி பெயர் வந்தது, ஒருவருக்கு அவருடைய மாட்டின் பெயர் வந்தது. அவர் வாங்கிக்கொண்டு போனார். மருந்துக்கடை மத்தியானமும் திறந்திருந்தது. ஒரு நாள் காலையில் நான் மூட்டைத் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, சவரிமுத்து முதுகைக் கூனிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எதற்காகவோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு கிழங்கு கொடுத்தேன். நார் பல்லில் மாட்டியதும், இதை மனுஷன் தின்பானா என்று திட்டினான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாஸ்டருக்கு மட்டும் பழையபடி ஆவதற்கு ஓரத்தில்கூட ஆள் இல்லை. அவர் முழுக்கத் தெய்வக்கனியாகவே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வந்ததும் அடுப்படியைப் பார்ப்பார். உப்பு ஜாடி ஏன் இடம் மாறியது என்பார். நான் பதில் சொல்லாவிட்டால் பாத்திரத்தைச் சத்தத்தோடு வைப்பார். சித்திரை வெயிலில் ஒரு நாள் புளிக்குழம்பில் நான் கத்தரிக்காயை வதக்காமல் போட்டுவிட்டேன். அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் இதுதான் லட்சணமா என்று கேட்டார். அவர் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை என்றேன். வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மஞ்சள் பையில் இரண்டு வேட்டியை வைத்துக்கொண்டு, உடன்குடிப் பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் உடன்குடியிலிருந்து என் மச்சினன் ஐகோர்ட்துரை போன் செய்தான். தெய்வக்கனியின் தம்பி. கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறான்.

“அத்தான், அக்கா வந்து சேந்துட்டா. பஸ்ஸ விட்டு எறங்கி உச்சி வெயில்ல நடந்து வந்து மேலு காலெல்லாம் வலிக்குங்கா. மீச வேற வேர்வையில அரிக்குதாம். வழிச்சு விடச் சொல்லியிருக்கேன்.”

சாப்பிட்டாளா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பதாகச் சொன்னான். போனில் பேச மாட்டேன் என்கிறாளாம். வந்து கூப்பிட்டால்தான் வருவாளாம். முறைப்படி நான் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை என்றும் சொன்னான்.

என் வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். வீட்டில் இருப்பவளைக் கூப்பிட நான் எப்படி அங்கே வருவது என்று கேட்டேன்.

அதுவும் சரிதான் என்று அவன் போனை வைத்தான்.